போகிக்கு முன்னே வர வேண்டிய வானிலைச் செய்தி

மார்கழி முடிந்து தை பிறக்கும் வாரத்தில் காவிரி டெல்டாவின் சிறு விவசாயிக்கு இரண்டு கவலைகள். ஒன்று, வீட்டில் பண்டிகைச் செலவு. மற்றொன்று, வயலில் முற்றி நிற்கும் சம்பா. முதல் கவலைக்குக் கைமாற்று வாங்கியாவது வழி தேடிக் கொள்வார். இரண்டாவது கவலைக்கு வானத்தைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இப்போதே அறுத்து விடலாமா, பொங்கல் கழித்து அறுக்கலாமா என்பதே அந்த வாரம் முழுவதும் டீக்கடையிலும் மதகடியிலும் நடக்கும் பேச்சு.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது வானிலை முன்னறிவிப்பு. அறிவிப்பு வராமலில்லை. வானொலியில் வருகிறது, தொலைக்காட்சியில் வருகிறது, கைபேசியில் நாளுக்கு நாலு முறை வருகிறது. ஆனால் வேலைக்கு ஆள் இருக்கும்போது வருகிறதா, விவசாயி முடிவெடுக்கும்படியான சொல்லில் வருகிறதா என்பதுதான் கேள்வி. பொங்கல் வாரத்து முன்னறிவிப்பு போகிக்கு முன்பே, ஒன்றியம் ஒன்றியமாக, என்ன செய்ய வேண்டும் என்ற யோசனையுடன் வந்து சேர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பண்டிகை வாரம் ஏன் வேறு?

மற்ற வாரங்களில் மழை வரும் என்று இன்று மாலை தெரிந்தால், நாளைக் காலையில் நாலு பேரைக் கூப்பிட்டு ஏதாவது செய்யலாம். பொங்கல் வாரத்தில் அது நடவாது. போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று நான்கு நாட்கள் தொடர்ச்சியாகப் போய் விடுகின்றன. கதிர் அறுக்கும் இயந்திரத்தின் ஓட்டுநர் பெரும்பாலும் வெளி மாவட்டத்துக்காரர். அவர் பண்டிகைக்குச் சொந்த ஊர் போய்விடுவார். உள்ளூர் ஆட்களும் வேலைக்கு வரமாட்டார்கள். வரச் சொல்வதும் நியாயமில்லை. கொள்முதல் நிலையத்தில் எடை போடுவோருக்கும் சுமை தூக்குவோருக்கும் அதே பண்டிகைதான்.

ஆக, ஆண்டு முழுவதிலும் முதலீடெல்லாம் வயலில் முற்றி நிற்கிற அதே வாரத்தில்தான் அதைக் காப்பாற்ற ஒரு கை கூட இல்லாமல் போகிறது. அப்போது வரும் மழை மற்ற நாளில் வரும் மழையைவிட இரு மடங்கு சேதம் செய்யும்.

இயந்திரக் கணக்கையும் பாருங்கள். நின்ற பயிரை ஓர் ஏக்கர் அறுக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. தை மாதத்தில் பனி உலர்ந்து வயலில் இறங்கக் காலை பத்து மணியாகிவிடும். இருட்டுவதற்குள் ஓர் இயந்திரம் ஏழு எட்டு ஏக்கர் அறுத்தால் பெரிது. ஒரு கிராமத்தில் 300 ஏக்கர் சம்பா, நான்கு இயந்திரங்கள் என்று வைத்துக் கொள்வோம். நாளொன்றுக்கு 30 ஏக்கர். முழுவதும் அறுபடப் பத்து நாட்கள். "நாளை மறுநாள் மழை" என்ற செய்தி அந்தக் கிராமத்தில் 60 ஏக்கரைத்தான் காப்பாற்றும். மிச்சம் 240 ஏக்கருக்கு அது வெறும் துக்கச் செய்தி. அந்த 240 ஏக்கரில் பெரும்பகுதி சிறு விவசாயியுடையதாகவே இருக்கும். ஒரே இடத்தில் பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்குத்தான் இயந்திரம் முதலில் போகும். ஒரு மா, இரண்டு மா வைத்திருப்பவர் வரிசையில் கடைசியில்தான் நிற்கிறார்.

தை மழை அபூர்வமா?

"தை பிறந்தால் மழை ஏது?" என்று நம் பெரியவர்கள் சொல்வதில் காரணமில்லாமல் இல்லை. வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்கள். ஜனவரியில் தமிழகத்தின் சராசரி மழை ஒன்றேகால் செ.மீ. அளவே. தையில் நமக்கு உரியது பனிதான். அந்தப் பனி தரையைத் துளைக்கும் என்றுதான் பழமொழியும் இருக்கிறது.

ஆனால் சராசரி என்பது வேறு, ஓர் ஆண்டில் நடப்பது வேறு. 2021 ஜனவரியில் மாநிலம் முழுவதும் சராசரியைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் மழை கொட்டியது. அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை விடைபெற்றதே ஜனவரி 19-ந் தேதிதான். அதாவது காணும் பொங்கலும் கழிந்த பிறகு. டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பாக் கதிர்கள் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, வயலிலேயே முளைத்தன. 2023-ல் பிப்ரவரி முதல் வாரத்தில் வங்கக் கடலில் உருவாகி இலங்கை வழியாக வந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அதே வேலையைச் செய்தது. 2024-ல் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு, ஜனவரி 7, 8 தேதிகளில், சீர்காழிப் பக்கத்தில் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தது. நான்கே ஆண்டுகளுக்குள் மூன்று முறை! இதை இனியும் அபூர்வம் என்று ஒதுக்கி வைப்பதற்கில்லை.

2021-லும் 2023-லும் பாதிக்கப்பட்ட நெற்பயிருக்கு அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. ஏக்கருக்கு அது 8,000 ரூபாய்ச் சொச்சம். உழவு, நாற்று, நடவு, களை, உரம், மருந்து என்று செலவு செய்தவருக்கு இத்தொகை எந்த மூலைக்கு? நிவாரணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மழைக்கு ஐந்து நாள் முன்பு கிடைக்கும் நல்ல செய்தி, மழைக்கு இரண்டு மாதம் பின்பு கிடைக்கும் நிவாரணத்தைவிட மேல் என்று சொல்கிறோம்.

மழை எங்கிருந்து வருகிறது?

தை மாதத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. குளிர்ச்சியும் வறட்சியும் உள்ள காற்று அது. அதனால்தான் பகலில் வெயிலும் இரவில் பனியுமாக இருக்கிறது. ஆனால் அதே பருவத்தில் கீழ்த்திசையிலிருந்து, கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு, அலை அலையாகவும் காற்று வருவதுண்டு. இலங்கைக்குத் தெற்கிலும் குமரிக் கடல் பக்கத்திலும் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று தங்கிவிட்டால், இந்த ஈரக் காற்று நம் கரையோரத்தில் மழையாக இறங்கும். பசிபிக் கடலில் 'லா நினா' என்னும் குளிர்ந்த நிலை இருந்த 2020-21 குளிர்காலத்தில் நடந்தது இதுவே.

இத்தகைய தாழ்வு எந்த வழியாகப் போகும் என்று கணிப்பதில்தான் சிக்கல். வடக்கே ஒரு பாகை நகர்ந்தால் அது 110 கிலோமீட்டர். வேதாரண்யத்துக்கும் சீர்காழிக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். கடலில் நூறு கிலோமீட்டர் விலகினால் வேதாரண்யத்தில் பெய்ய வேண்டிய மழை சீர்காழியில் பெய்யும்; வேதாரண்யத்துக்காரர் "பொய் சொல்லிவிட்டார்கள்" என்பார். உண்மையில் மழை பொய்க்கவில்லை, இடம் மாறியது. ஐந்தாம் நாளைப் பற்றி இன்று சொல்வதைவிட, நாளையைப் பற்றி இன்று சொல்வது நம்பகமாக இருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆகவே முன்னறிவிப்பை ஒரு முறை கேட்டுவிட்டு மறந்துவிடலாகாது. தினமும் கேட்டு, முந்தின நாள் சொன்னதிலிருந்து எந்தப் பக்கம் மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சொற்களுக்கு என்ன பொருள்?

"தமிழகக் கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்ய வாய்ப்புள்ளது." இந்த வாக்கியத்தைக் கேட்காத விவசாயி இருக்க மாட்டார். இதன் பொருளைத் தெரிந்துகொண்டவர் எத்தனை பேர்?

வானிலைத் துறையின் கணக்கில் 'ஓரிரு இடங்கள்' என்றால், அந்தப் பகுதியில் மழை அளக்கும் நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை. 'ஒரு சில இடங்கள்' என்றால் 26 முதல் 50 வரை. 'அநேக இடங்கள்' என்றால் 51 முதல் 75 வரை. 'பெரும்பாலான இடங்கள்' என்றால் அதற்கும் மேல். ஓரிரு இடங்கள் என்று கேட்டவுடன் "நம் ஊரில் இருக்காது" என்று விட்டுவிடுகிறோம். அந்த ஓரிரு இடங்களில் நம் ஊரும் ஒன்றாக இருக்கலாம் அல்லவா?

அளவுக்கும் இப்படியே கணக்கு உண்டு. ஒரு நாளில் 2.5 மி.மீ. முதல் 15.5 மி.மீ. வரை பெய்தால் லேசான மழை. 15.6 முதல் 64.4 மி.மீ. வரை மிதமான மழை. அதற்கு மேல் 115.5 மி.மீ. வரை கனமழை. 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை.

இதில் 'மிதமான' என்ற சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. ஓர் ஏக்கரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் அது சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். 60 மி.மீ. பெய்தால் 2,40,000 லிட்டர். வானிலைத் துறைக்கு அது மிதமான மழைதான். ஆனால் கதிர் பாரத்தில் தலை சாய்த்து நிற்கும் சம்பாவின் மீது, காற்றோடு சேர்ந்து, ஓர் இரவில் அவ்வளவு தண்ணீர் இறங்கினால் பயிர் பாய் விரித்தாற்போல் படுத்துவிடும். நடவு நட்ட பயிருக்கு மிதமான மழை அமுதம். முற்றிய பயிருக்கு அதுவே நஞ்சு. பயிரின் பருவத்தைச் சொல்லாமல் மழையின் அளவை மட்டும் சொல்லும் அறிவிப்பு பாதி அறிவிப்புதான்.

நிறங்களும் அப்படியே. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்திருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். பொதுமக்களுக்கு இது சரி. அறுவடை வயலுக்கு மஞ்சள் நிறமே சிவப்புக்குச் சமம்.

அறுப்பதா, விடுவதா?

முன்னறிவிப்பு தவறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஏக்கருக்கு 30 மூட்டை கண்டுமுதல் காண வேண்டிய வயல் என்று வைத்துக் கொள்வோம். நூற்றுக்கு 80 கதிர் பழுத்துவிட்டது. இன்னும் ஐந்தாறு நாள் நின்றால் முழுக்க முற்றும். இப்போதே அறுத்தால் பச்சைக்காயும் கருக்காயுமாக இரண்டு மூட்டை குறையும். அறுக்காமல் விட்டு மழை வந்துவிட்டால், சாய்ந்ததும் முளைத்ததும் கொட்டியதுமாகப் பத்து மூட்டை போகும். ஈர வயலில் டயர் வண்டி இறங்காது, வாடகை கூடுதலான பெல்ட் வண்டிதான் வேண்டும், அதுவும் சாய்ந்த பயிரை அறுக்க இரட்டிப்பு நேரம் எடுக்கும் என்பதைத் தனியாக வைத்துவிடுவோம்.

மழை வரும் என்று பத்து முறை சொன்னதில் மூன்று முறைதான் வந்தது என்று கொள்ளுங்கள். பத்து முறையும் முந்தி அறுத்தவருக்கு 20 மூட்டை நஷ்டம். பத்து முறையும் நம்பாமல் விட்டவருக்கு மூன்று முறை பத்துப் பத்தாக 30 மூட்டை நஷ்டம். ஆக, பத்துக்கு மூன்றே முறை பலிக்கும் அறிவிப்பைக்கூட நம்பி அறுத்தவர்தான் லாபமடைகிறார். பத்துக்கு ஒரு முறைதான் பலிக்கும் என்றால் மட்டும் காத்திருப்பது மேல்.

பயிர் பாதிதான் பழுத்திருக்கிறது என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். அப்போது அறுத்தால் எட்டு மூட்டை குறையும் என்று வையுங்கள். பத்துக்கு எட்டு முறைக்கு மேல் பலிக்கும் என்ற உறுதியிருந்தாலொழிய அறுக்கக் கூடாது. அத்தகைய வயலில் செய்ய வேண்டியது வேறு. நிற்கும் தண்ணீரை வடித்து, வடிவாய்க்காலில் உள்ள அடைப்பை எடுத்து, தாழ்ந்த பக்கத்தில் வரப்பை வெட்டிவிட்டு, பெய்யும் மழை அன்றைக்கன்றே வெளியேற வழி செய்ய வேண்டும். சாய்ந்த கதிர்கூடத் தண்ணீரில் கிடக்காவிட்டால் பாதிக்குப் பாதி தப்பும்.

மூட்டைக் கணக்கு வயலுக்கு வயல், ரகத்துக்கு ரகம் மாறும். அவரவர் வயலுக்கு அவரவர் போட வேண்டிய கணக்கு இது. ஆனால் இந்தக் கணக்கைப் போட வேண்டுமானால் ஒரு விவரம் தேவை. மழை வருவதற்குப் பத்துக்கு எத்தனை பங்கு வாய்ப்பு என்பதே அது. "வாய்ப்புள்ளது" என்று மட்டும் சொன்னால் பத்துக்கு ஒன்றா, ஒன்பதா என்று விவசாயிக்கு எப்படித் தெரியும்?

உளுந்து தெளிப்பவர் கவனத்திற்கு

அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்கள் முன்பு, நின்ற பயிரிலேயே உளுந்தும் பயறும் தெளிப்பது டெல்டாவின் நீண்ட நாள் வழக்கம். மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும். பதம் காய்ந்தால் விதை முளைக்காது. தெளித்த பின் தண்ணீர் தேங்கினால் விதை அழுகிவிடும். பொங்கல் வாரத்து மழைச் செய்தி இவருக்கும் மிக முக்கியம். நாலைந்து நாட்களுக்கு மழை இல்லை என்றால் தெளிக்கலாம். மழை இருக்கும் என்றால் விதையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். ஒரே மழை ஒரே வயலில் நெல்லையும் உளுந்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும் என்பதால், இரண்டு முடிவுகளையும் ஒன்றாகவே எடுக்க வேண்டும்.

பழைய குறிகள்

தட்டான் தாழப் பறந்தால் மழை, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை, நிலவைச் சுற்றி வட்டம் கட்டினால் மழை என்று நம் முன்னோர் கண்டு வைத்தார்கள். மார்கழியில் கர்ப்போட்டம் பார்த்து வரும் ஆண்டின் மழையை மதிப்பிடும் வழக்கமும் கிராமங்களில் இன்றும் இருக்கிறது. இவற்றைக் கேலி செய்வது சரியல்ல. காற்றின் ஈரம் கூடுவதைக் கருவியில்லாமல் கண்டுகொள்ள அவர்கள் கையாண்ட வழி அது. ஆனால் தட்டானும் எறும்பும் நமக்குத் தரும் அவகாசம் சில மணி நேரம். கூடிப்போனால் ஒரு நாள். கர்ப்போட்டமோ வரும் பருவத்தைப் பற்றியது. இந்த வாரத்து அறுவடைக்கு அதில் விடையில்லை. கிராமத்தில் 300 ஏக்கர் அறுபட வேண்டிய பத்து நாள் அவகாசத்தைத் தரக்கூடியது விஞ்ஞான முன்னறிவிப்பு ஒன்றே.

விஞ்ஞானச் செய்தியை ஏற்றுக்கொள்வதில் டெல்டா விவசாயி ஒரு நாளும் பின்தங்கியதில்லை. 1960-களில் ஆடுதுறை 27 என்ற புது நெல்லை வானொலி மூலம் கேட்டறிந்து பயிரிட்டு, அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்த மண் இது. பயன்படும்படி சொன்னால் விவசாயி கேட்பார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அரசு செய்ய வேண்டியவை

கருவிகளுக்கும் அறிவுக்கும் இன்று குறைவில்லை. டெல்டாவுக்கான வேளாண் வானிலை அறிவிப்பு ஆடுதுறையிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் ஐந்து நாள் கணிப்புடன் வெளிவருகிறது. வியாழன்தோறும் நான்கு வாரங்களுக்கான நீண்ட கால முன்னோட்டம் ஒன்றை இந்திய வானிலைத் துறை வெளியிடுகிறது. 2019-ல் 'மேகதூத்' என்ற கைபேசிச் செயலி வந்தது. 2024 அக்டோபரில் ஊராட்சி அளவிலான முன்னறிவிப்பு தொடங்கி வைக்கப்பட்டது. 2025 மே மாதம், 12 கிலோமீட்டர் கட்டங்களாகக் கணித்து வந்ததை 6 கிலோமீட்டர் கட்டங்களாகக் குறுக்கும் புதிய முறையும் நடைமுறைக்கு வந்தது. இவ்வளவு இருந்தும் கடைசி மைல் தூரத்தில், அதாவது அறிவிப்பிலிருந்து வயலுக்கு வரும் வழியில், செய்தி தங்கிவிடுகிறது. பல மாவட்டங்களின் வேளாண் அறிவியல் நிலையங்களில் இந்தச் செய்தியை உள்ளூர்ப் பயிருக்கு ஏற்ப விளக்கிச் சொல்ல அமைக்கப்பட்ட பிரிவுகள் 2024-ல் நிறுத்தப்பட்டதும் இந்தத் தூரத்தைக் கூட்டியது.

ஆகவே நாம் கேட்பவை நான்கு.

முதலாவது, ஜனவரி முதல் வாரத்திலேயே பொங்கல் வாரத்துக்கென ஒரு தனி அறுவடை வானிலை அறிக்கை வர வேண்டும். போகி வரை அதைத் தினமும் புதுப்பிக்க வேண்டும். இதில் ஒன்றியத்தின் பெயர், மழை தொடங்கும் நாள், அளவு, பத்துக்கு எத்தனை பங்கு வாய்ப்பு ஆகிய நான்கும் இருக்க வேண்டும். முற்றிய பயிருக்கு என்ன செய்வது, முற்றாத பயிருக்கு என்ன செய்வது என்ற இரண்டு வரியும் சேர வேண்டும்.

இரண்டாவது, மழை அறிவிப்பு உள்ள ஒன்றியங்களில் கொள்முதல் நிலையங்கள் போகிக்கு முந்திய நாட்களில் கூடுதல் நேரம் இயங்க வேண்டும். சாக்கும் ஆளும் அதற்கேற்ப முன்கூட்டியே வந்து சேர வேண்டும். முன்னறிவிப்பை நம்பி முந்தி அறுத்தவருடைய நெல், கொள்முதல் நிலையத்தின் வாசலில் விடுமுறையில் நனையுமானால், அடுத்த ஆண்டு எவர் முன்னறிவிப்பை நம்புவார்?

மூன்றாவது, ஈரப்பத விஷயம். கொள்முதலுக்கு அனுமதி நூற்றுக்கு 17. மழை பெய்த பிறகு தளர்வு கேட்டு எழுதி, 2023-ல் நடந்ததுபோல் மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்து, உத்தரவு வருவதற்குள் களத்தில் கிடக்கும் ஈர நெல் காத்திருக்காது. மழை எச்சரிக்கை வெளியான ஒன்றியங்களுக்குத் தளர்வு தானாகவே அமலுக்கு வரும்படி முன்கூட்டியே விதி செய்து வைக்கலாம். அத்துடன் உலர்களங்களும் தார்ப்பாய்களும் வேண்டும். காயவைக்க இடமில்லாதவரிடம் "முந்தி அறு" என்று சொல்வது, நஷ்டத்தை வயலிலிருந்து களத்துக்கு மாற்றுவதாகத்தான் முடியும்.

நான்காவது, செய்தியை விளக்கிச் சொல்ல மாவட்டத்தில் ஓர் ஆள் வேண்டும். கைபேசிச் செயலி நல்லதுதான். ஆனால் "ஐயா, என் வயல் தாழ்வான வயல், பயிர் முக்கால் பழுப்பு, என்ன செய்ய?" என்று கேட்டால் செயலி பதில் சொல்லாது.

நாம் செய்ய வேண்டியவை

அரசைக் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. மேலும் கீழும் ஒரே அகலமுள்ள ஒரு தகர டப்பாவும் ஓர் அளவுகோலும் இருந்தால் ஊரில் மழை அளக்கலாம். திறந்த வெளியில் வைத்து, வானிலைத் துறை அளப்பதுபோல் காலை 8.30 மணிக்கு அளந்து, ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பக்கத்தில் அன்றைய முன்னறிவிப்பையும் எழுதுங்கள். இரண்டு மூன்று பருவத்தில் நம் ஊருக்கு அறிவிப்பு பத்துக்கு எத்தனை பலிக்கிறது என்று நமக்கே தெரிந்துவிடும். அதன் பிறகு யார் சொல்வதையும் கேட்டு நம்பவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம்.

வாய்க்கால்வாரியாகச் சிறு விவசாயிகள் ஒன்றுசேர்ந்து இயந்திரத்தைப் பேசிக் கொள்ள வேண்டும். அரை ஏக்கர், ஒரு ஏக்கராகக் கூப்பிட்டால் வராத இயந்திரம், தொடர்ச்சியாகப் பதினைந்து ஏக்கர் என்றால் வரும். யாருடைய வயல் முதலில் என்பதைப் பழுத்த அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்; தாழ்ந்த வயலுக்கு முதலிடம் கொடுங்கள். வியாழக்கிழமை வரும் நீண்ட கால முன்னோட்டத்தில் ஈரம் அதிகம் என்று தெரிந்தால் புத்தாண்டு பிறந்தவுடனேயே இயந்திரத்தைச் சொல்லி வைக்கலாம். பொங்கல் 14 அல்லது 15-ந் தேதி வரும். ஆகவே 9, 10 தேதிகளுக்குள் அறுப்பதா, விடுவதா என்ற முடிவு எடுத்தாக வேண்டும். அறுவடைக்கு ஏழு, பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிட்டால், அவசரத்துக்கு டயர் வண்டி இறங்கும் அளவுக்காவது வயல் இறுகியிருக்கும்.

முன்னறிவிப்பு ஒரு முறை தவறியதும் அதை வைது ஒதுக்கிவிடும் பழக்கத்தையும் விட வேண்டும். விதை வாங்கினால் நூற்றுக்கு நூறும் முளைப்பதில்லை; அதற்காக விதைக்காமல் இருக்கிறோமா? முளைப்புத் திறன் எவ்வளவு என்று கேட்டு, அதற்கேற்ப விதை அளவைக் கூட்டுகிறோம். வானிலைச் செய்தியையும் அதே கண்ணோடு பார்க்கப் பழக வேண்டும்.

தைப் பொங்கல் உழவனின் திருநாள். புது நெல் குத்திப் பொங்கலிடும் நாளில், அந்த நெல்லை விளைவித்தவர் வாசலில் நின்று மேகத்தை எண்ணிக் கொண்டிருக்கக் கூடாது. மழையை நிறுத்த எவராலும் ஆகாது. அது வரும் என்பதை ஐந்து நாள் முன்பு, புரியும் சொல்லில், ஊர் பெயரோடு சொல்ல இன்றைய விஞ்ஞானத்தால் ஆகும். அதைக் கேட்டு வேலையை முடித்துவிட்டு நிம்மதியாகப் பொங்கல் வைக்க நம்மாலும் ஆகும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை வரும் பொங்கலுக்குள் குறைக்க வேண்டியது அதிகாரிகளின் பொறுப்பு. அதைக் கேட்டுப் பெற வேண்டியது நம் பொறுப்பு. குறை தீர்க்கும் கூட்டம் மாதந்தோறும் நடக்கிறது; நெல் விலையையும் உரத் தட்டுப்பாட்டையும் பேசும் அந்தக் கூட்டத்தில், மார்கழி பிறக்கும் முன்பே பொங்கல் வாரத்து வானிலை அறிக்கையையும் எழுந்து நின்று கேளுங்கள்.